ஓடும்போது அளக்க வேண்டிய எண்ணெய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், வெயில் காலத்துக்கு முன் காரில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டயர் காற்று, வைப்பர் தண்ணீர் வரைக்கும் இருந்தது. ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸ் எண்ணெயைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அது தெரியாததால்தான் என் அக்காவும் நானும் தொப்பூர் கணவாயில் மத்தியான வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும். இடம் போதாமல் சுருக்கினாலும், அளக்கும் முறையை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஊர் காரிமங்கலம். கிராம சுகாதார செவிலியராக 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்ததிலும், அப்புறம் டிவிஎஸ் 50-யை உதைத்து உதைத்து எடுத்ததிலும் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கிற வேலையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஓசூரில் வேலை செய்யும் என் மகன் பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தான். நாலு கியர், பெட்ரோல் வண்டி. மீட்டரில் 48,000 கிலோமீட்டர் காட்டியது.

எங்கள் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். அங்கே ஓடி முடித்த கேஏ வண்டிகள் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 என்று புது எண் வாங்கிக்கொள்கின்றன. வாங்குகிறவர் பெயின்ட் பார்க்கிறார், டயர் பார்க்கிறார், ஏசி குளிர்கிறதா என்று கை வைத்துப் பார்க்கிறார். 48,000 கிலோமீட்டர் குறைவுதானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். பெங்களூர் நெரிசலில் ஒரு கிலோமீட்டர் நகர அரை மணி ஆகும் என்பதையும், அந்த அரை மணியும் கியர் பாக்ஸ் எண்ணெய் வெந்துகொண்டிருக்கும் என்பதையும் மீட்டர் சொல்லாது.

எனக்கு இரண்டு அறிகுறிகள் முன்னாலேயே தெரிந்தன. தெரிந்தும் எனக்குப் புரியவில்லை. முதலாவது, போர்ட்டிகோ சிமென்ட் தரையில் சிவப்பாகச் சின்னச் சின்னப் பொட்டு. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்தது. வேலையாட்கள் யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து ஃபினாயில் போட்டுக் கழுவினேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி இருக்கும். இரண்டாவது, காலையில் வண்டியைப் பின்னால் எடுக்க லீவரை ஆர்-இல் போட்டால் உடனே நகராது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். அப்புறம் ஒரு குலுக்கலோடு பிடிக்கும். வயதான வண்டி, எனக்குப் போலவே அதற்கும் எழுந்து நடக்க நேரம் பிடிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு சர்வீஸில் இதைச் சொன்னேன். பட்டறைப் பையன் பானெட்டைத் திறந்தான். வண்டி நின்று கால் மணி ஆகியிருந்தது. என்ஜின் ஆயில் பார்க்கிற மாதிரியே, கியர் பாக்ஸ் எண்ணெயை அளக்கும் குச்சியை உருவி, இடுப்பில் சொருகியிருந்த பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான். "பாருங்கம்மா, ஃபுல்லா இருக்கு." கோடு வரை எண்ணெய் இருந்தது. நானும் நம்பிவிட்டேன்.

அக்காவுக்குச் சேலத்தில் கண் ஆபரேஷன். மறு பரிசோதனைக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூரில் விபத்து என்று நீங்கள் போடுகிற செய்திகள் பெரும்பாலும் தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகிற இறக்கத்தில் நடந்தவை. நாங்கள் வந்தது எதிர்ப்பக்கம், ஏற்றம். முன்னால் இரண்டு டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தன. நானும் அவற்றின் பின்னாலேயே நின்று நின்று ஏறினேன். பாதி தூரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன், இன்னும் அலறியது. பின்னால் லாரி ஹாரன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் சரிகிறது. ஒரு கண்ணில் கட்டோடு அக்கா, "என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்து, தன் வண்டிக் கட்டையைக் கொண்டுவந்து என் பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். அந்தத் தம்பி யாரென்று தெரியாது. நாமக்கல் பக்கத்துப் பேச்சு. இந்தக் கடிதத்தைப் படித்தால் என் நன்றியை எடுத்துக்கொள்ளட்டும்.

மீட்பு வண்டிக்காரர்கள் கயிறு கட்டிக் கணவாய்க்கு மேலே வரை இழுத்துக்கொண்டு போனார்கள். இதுவும் தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு உள்ளே எண்ணெயைச் சுற்ற விடும் பம்பை என்ஜின்தான் ஓட்டுகிறது. என்ஜின் நின்றிருக்க, ஓட்டு சக்கரம் தரையில் உருள உருள, உள்ளே பற்களும் தட்டுகளும் எண்ணெயில்லாமல் உரசும். இப்படிப்பட்ட வண்டியை லாரி மேல் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்; முன் சக்கர ஓட்டு வண்டியாக இருந்தால் முன்பக்கத்தையாவது தூக்க வேண்டும். மெதுவாக, கொஞ்ச தூரம் என்பதால் என் வண்டி தப்பியது.

அதே பட்டறைக்குக் கொண்டு போனோம். மறுபடி என்ஜினை நிறுத்தியே அளந்தார்கள். மறுபடி ஃபுல். "ஆயில் சரியா இருக்கு, அப்போ உள்ளே போயிடுச்சு, பாக்ஸ் மாத்தணும், 70,000 ஆகும்" என்றார்கள். என் ஓய்வூதியத்தில் அது எத்தனை மாதம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மகன் போனில் கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னான். பதினைந்து வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே ஆட்டோமேட்டிக் வண்டிதான் அதிகம். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

பாய் கேட்ட முதல் கேள்வி, "எப்படிம்மா அளந்தாங்க?" நான் சொன்னதும் தலையை ஆட்டினார். என்னை ஸ்டீயரிங்கில் உட்காரச் சொல்லி, என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிரேக்கை மிதித்தபடி லீவரை பி (பார்க்கிங்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) என்று ஒவ்வொன்றிலும் நாலைந்து விநாடி நிறுத்தி, திரும்ப பி-க்கு கொண்டுவரச் சொன்னார். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, குச்சியை உருவித் துடைத்து விட்டு எடுத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குச்சியின் நுனியில் ஒரு சொட்டு மாதிரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். கோடு இருந்த இடமெல்லாம் வறண்டு கிடந்தது. என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். கால் மணி கழித்து அதே குச்சியை மறுபடி விட்டு எடுத்தார். ஃபுல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது எண்ணெய். ஒரு சொட்டு கூட ஊற்றவில்லை, ஆசிரியர் அவர்களே. அதே வண்டி, அதே குச்சி.

காரணம் இதுதான். என்ஜின் ஓடும்போது எண்ணெயில் ஒரு பெரிய பங்கு, என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் என்ற உருண்டைக்குள்ளும், குளிர்விக்கும் குழாய்களிலும், வால்வு வழிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் அதில் ஒரு பகுதி மெல்ல வடிந்து கீழே அடித்தட்டுக்கு வந்துவிடும். அப்போது மட்டம் உயர்ந்து தெரியும். என்ஜின் ஆயிலில் நமக்கு வேண்டியது அதுதான். எல்லாம் வடிந்து வந்த பிறகு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. கியர் பாக்ஸில் வேண்டியதோ, ஓடும்போது பம்பின் வாய் முங்கியிருக்கிறதா என்ற கணக்கு. என் வண்டியில் சமதரையில் ஏதோ கொஞ்சம் முங்கியிருந்தது. ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கியதும் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிவிட்டது, பம்பு காற்றை உறிஞ்சியது. இந்தப் பெட்டியில் எண்ணெய் வெறும் மசகு மட்டும் இல்லை. கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெயின் அழுத்தம்தான். காற்று புகுந்தால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாவிட்டால் பிடிப்பு இல்லை. காலையில் ஆர் போட்டால் இரண்டு எண்ணும் வரை காத்திருந்தது வயதினால் இல்லை, எண்ணெய்க் குறைவினால்.

கசிவு, கூலர் ஹோஸ் கிளிப்பிலும் அடித்தட்டு கேஸ்கட்டிலும் இருந்தது. இரண்டையும் மாற்றி, பழையதை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார். வடித்தால் மொத்தமும் வராது, கன்வர்ட்டருக்குள் இருப்பது தங்கிவிடும். அதனால் 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி இன்னொரு தடவையும் வடித்து ஊற்றினார். இரண்டு தடவைக்கும் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. கியர் பாக்ஸ் இன்றுவரை அதே பழைய பெட்டிதான், தொப்பூரும் அதற்கப்புறம் எத்தனையோ தடவை ஏறிவிட்டேன்.

இப்போது நானே அளக்கிறேன். மாதம் ஒரு தடவை. எங்கள் தெரு சரிவு, அங்கே அளந்தால் பொய்க் கணக்கு வரும். அதனால் தருமபுரி போய் வருகிற நாளில், திரும்பும் வழியில் பைபாஸ் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கான்கிரீட் தளத்தில் நிறுத்துகிறேன். அந்த ஓட்டத்தில் எண்ணெய் நன்றாகச் சூடாகியிருக்கும். என் வண்டியின் குச்சியில் இரண்டு ஜோடிக் கோடு இருக்கிறது. கீழே உள்ளது கோல்டு, மேலே உள்ளது ஹாட். ஹாட் என்றால் எண்ணெய் 70, 80 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது பார்க்க வேண்டியது. எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். காலையில் குளிர்ந்த வண்டியில் குறைவாக இருக்கிறதே என்று ஹாட் கோடு வரை ஊற்றிவிட்டால், சூடானதும் அளவுக்கு மேல் போய்விடும். அப்போது சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை என்றால் காற்று. குறைந்தால் என்ன கெடுதலோ, கூடினாலும் அதே கெடுதல். சூடான காபி குடித்த வாயில் தெர்மாமீட்டர் வைத்துவிட்டுக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுப்போமா? அதே கதைதான்.

ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுக்கிறேன், பின் சக்கரத்துக்கு ஒரு கல். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. லீவரை எல்லா இடத்துக்கும் கொண்டு போய்த் திரும்ப பி. என்ஜின் ஓடட்டும். இதற்கப்புறம்தான் பானெட். பெண்கள் கவனிக்க வேண்டும்: ஓடுகிற என்ஜின் மேல் குனிகிறோம். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகி, பின்னலைத் தூக்கிக் கட்டி, வளையலைக் கழற்றிவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் எப்போது சுழல ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெய் சைலன்சர் குழாயில் சிந்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், தீப்பிடிக்கும்.

துடைக்க நான் பனியன் வேஸ்ட் வைத்துக்கொள்வதில்லை. காயத்துக்குப் பஞ்சை நேராக வைக்கக் கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தது. இங்கேயும் அதே விதி. கியர் பாக்ஸுக்குள் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் எண்ணெய் போகும் வழிகள் ஊசித் துளை மாதிரி. ஒரு நூலிழை போய் அடைத்தால் போதும். பழைய வேட்டித் துணியைத் துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் கவரில் வண்டியிலேயே வைத்திருக்கிறேன். குறைவாக இருந்தால் நீண்ட மூக்குப் புனலில், 100 மில்லியாக ஊற்றி, லீவரை மறுபடி எல்லா இடமும் கொண்டு போய், மறுபடி அளக்கிறேன். பல வண்டிகளில் குச்சியின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசமே அரை லிட்டருக்குள்தான். ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்ப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயம். ஹோண்டா மாதிரி சில கார்களில் முறை வேறு. சூடாக்கி, என்ஜினை நிறுத்தி, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் சட்டம். நான் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் தங்கள் வண்டியை அளக்க வேண்டாம்.

அளவு பார்த்தால் போதாது, நிறமும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ரத்த சோகை பார்க்க, வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு காலத்தில் எங்கள் வேலை. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், மஞ்சள் பல்பில் ஏமாற்றிவிடும். கியர் பாக்ஸ் எண்ணெய்க்கும் நான் அதையே செய்கிறேன். குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பத்து நிமிடம் விடுகிறேன். புது எண்ணெய் செம்பருத்திச் சாறு மாதிரி சிவப்பாக, ஒரே சீராக அகலமாகப் பரவும். மற்ற எண்ணெய்களிலிருந்து பிரித்துத் தெரிய வேண்டும் என்றே அந்தச் சிவப்புச் சாயத்தைக் கலக்கிறார்கள். உழைத்த எண்ணெய் பழுப்பாகும். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு நின்று, விளிம்பு மட்டும் வெளிறிப் பரவினால், கிளட்ச் தட்டு தேய்ந்த தூசு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். கருகிய வாடை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. தொப்பூருக்கு அடுத்த நாள் பாய் எடுத்த சொட்டு, டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. கருகல் வாடை லேசாக. "இன்னும் ரெண்டு தடவை மலை ஏறியிருந்தா தட்டு போயிருக்கும்மா" என்றார். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று வேலை தெரிந்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் தொப்பூர், வத்தல்மலை, ஒகேனக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் மலைப்பாதை. "லைஃப் டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் யாருடைய லைஃப் டைம் என்று கேளுங்கள். மலை, வெயில், நெரிசல் இருக்கிற ஊரில் 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு.

இன்னொரு நிறம் இருக்கிறது. ரோஸ்மில்க் நிறம். அப்படித் தெரிந்தால் வண்டியை ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. பல கார்களில் கியர் பாக்ஸ் எண்ணெய் குளிர்வதற்கான குழாய், ரேடியேட்டர் தொட்டிக்கு உள்ளேயே போய் வருகிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் மாதிரியான ஒரு பொருள்தான். தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். இதில் எங்கள் மாவட்டக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். புளோரைடு ஏறிய பற்களையும் வளைந்த கால்களையும் வீடு வீடாகப் பார்த்து எழுதியவள் நான். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் குடிப்பதற்காவது வேறு தண்ணீர் கிடைத்தது. ஆனால் ரேடியேட்டருக்கு இன்றும் போர் தண்ணீர்தான். வெயிலில் கொஞ்சம் குறைந்தால் குடத்தில் பிடித்து ஊற்றிவிடுகிறோம். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே படிவதும் அரிப்பதும் கூலன்ட் விலையை விடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். கூலன்ட்டையே ஊற்றுங்கள், கலக்க வேண்டி வந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரைக் கலக்குங்கள்.

எங்கள் தெருவில் பட்டுக்கூடு வியாபாரம் செய்கிற தம்பி ஒருவர், தருமபுரி கூடு மார்க்கெட்டுக்குத் தினமும் போய் வருபவர். அவருடையது சிவிடி வகைக் கார். பல் சக்கரத்துக்குப் பதிலாக இரும்புப் பட்டையும் கப்பியும் வைத்து ஓடுவது. அதற்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது. ஒரு பட்டறையில் ஆட்டோமேட்டிக்தானே என்று சிவப்பு எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். சில வாரத்தில் பட்டை வழுக்கி, கப்பியில் கோடு விழுந்து, பாவம், வண்டியையே விற்க வேண்டியதாயிற்று. எண்ணெய் ஊற்றிய பட்டறைப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது நாலைந்து விதமான வண்டியை. 2014-ல் மாருதி செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகைதான் இப்போது எங்கள் ஊரில் அதிகம். அதற்குள் இருப்பது சாதாரண கியர் பாக்ஸ். கிளட்சையும் கியரையும் ஒரு கருவி மாற்றுகிறது, அவ்வளவுதான். அதில் சிவப்பு எண்ணெயும் கிடையாது, அளக்கும் குச்சியும் கிடையாது. கியருக்குச் சாதாரண கியர் ஆயில், மாற்றும் கருவிக்குச் சின்ன டப்பாவில் தனி எண்ணெய். புதிய டார்க் கன்வர்ட்டர் வண்டிகள் பலவற்றிலும் குச்சி வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவற்றை நம்மால் வீட்டில் அளக்க முடியாது. வண்டியை நாலு பக்கமும் சமமாகத் தூக்கி, என்ஜினை ஓட விட்டு, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் எண்ணெயின் சூட்டைப் பார்த்து, புத்தகம் சொல்லும் டிகிரிக்கு வந்ததும் அடியில் உள்ள மட்டத் திருகைக் கழற்ற வேண்டும். குடம் நிரம்பி வழிவது மாதிரி மெல்லிய நூலாக வழிந்து சொட்டுக்கு வந்தால் அளவு சரி. எதுவுமே வராவிட்டால் மேலே ஊற்ற வேண்டும். சில வண்டிகளுக்கு அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் அந்த நேரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் இந்த வேலைக்கு வண்டியை முதல் நாள் இரவே பட்டறையில் விட்டு, விடியற்காலையில் செய்யச் சொல்லுங்கள். கேட்டால் செய்து கொடுப்பார்கள். ஸ்கேனர் இல்லாமல் "கையை வெச்சுப் பாத்தாலே தெரியும்" என்பவரிடம் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வாகனப் பக்கத்தில் கியர் பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். வண்டிப் புத்தகங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் படிப்பது உங்கள் நாளிதழைத்தான், டீக்கடையில். எந்த வகை வண்டிக்கு எப்படி அளப்பது, எந்த எண்ணெய், என்ஜின் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்று தமிழில் ஒரு படத்தோடு போட்டால் அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஓடுகிற ஒரு ஆட்டோமேட்டிக் வண்டியில் ஒரே ஒரு முறை குச்சியை எடுத்துக் காட்டச் சொல்லி எழுதுங்கள். என்ஜின் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திக் கால் மணி கழித்து ஒரு தடவை. வேறு பாடமே வேண்டாம். பெங்களூரிலிருந்து பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

வண்டியின் சொட்டுத் தாள்களை நான் தேதி எழுதி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பழுப்பாக இருப்பது தொப்பூருக்கு அடுத்த நாள் எடுத்தது, சிவப்பாக இருப்பது இந்த மாதம் எடுத்தது. நிறம் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட முடிந்தால் போடுங்கள். பழுப்புத் தாளை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.